புற்றில் நான் நட்ட காளான்

அது எந்த வருடத்து மழை என்பதில் எங்கள் வீட்டில் இன்றும் ஒற்றுமை இல்லை. மதுராந்தகம் ஏரி கலங்கல் வழிந்த வருடம் என்பார் மாமா. அதற்கு அடுத்த வருடம் என்பாள் அம்மா. ஏரி வழிந்த வருடங்கள் பல இருப்பதால் அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. நான் என் பள்ளி நாட்குறிப்பை நம்புகிறேன். ஏழாம் வகுப்பு, ஐப்பசி மாதம், தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை. புதன், வியாழன், வெள்ளி மழை விடுமுறை; சனிக்கிழமை காலையில் வெயில். அந்தப் பக்கத்தில் ‘மாமா வீடு. காளான் போட்டோ எடுத்தோம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அன்று நடந்த மற்றதை எழுதினால் யாராவது படித்துவிடுவார்கள் என்ற பயம். தேதிகளில் இவ்வளவு கறாராக இருக்கும் நான் விட்டுவைத்த ஒரே நாள் அதுதான்.

நாங்கள் அப்போது அணுபுரம் குடியிருப்பில் இருந்தோம். அப்பாவுக்கு கல்பாக்கத்தில் ஷிப்ட் வேலை. மாமா வீடு மதுராந்தகத்திலிருந்து உள்ளே ஐந்து கிலோமீட்டர். அத்தைக்கு ஏழாம் மாதம். அவளை ஒரு குடம் தண்ணீர் கூடத் தூக்க விடக்கூடாது என்று சொல்லி, பள்ளி விடுமுறை வந்த மறுநிமிடமே அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு குடத்துக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் குடியிருப்பில் ஏழு மாத வயிற்றோடு பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள்.

மாமா மதுராந்தகம் கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். டிஜிட்டல் கேமரா வந்ததும் முதலாளி பழைய ஃபிலிம் கேமராவையும், தேதி கடந்துபோன கறுப்பு வெள்ளை ஃபிலிம் சுருள்கள் ஒரு டப்பாவையும் மாமாவிடம் தள்ளிவிட்டார். வாரம் முழுவதும் கல்யாணங்களை வண்ணத்தில் எடுத்துவிட்டு, வேலை இல்லாத நாட்களில் மாமா சேற்றையும் வேரையும் கறுப்பு வெள்ளையில் எடுப்பார். பிரிண்ட் போடப் பணம் கிடையாது. நெகட்டிவைக் கழுவி, ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்து, உறையில் போட்டு வைத்துவிடுவார். அத்தைக்கு இதில் ஒரு குறை உண்டு. "ஊர்ல கீற எல்லா பொண்ணையும் கலர்ல எடுக்குறாரு, என்ன மட்டும் இன்னும் எடுக்கல" என்பாள். "நீ கொஞ்சம் சேத்துல படு, எடுக்கறேன்" என்பார் மாமா.

அன்று காலை பின்பக்க வரப்பில் இருந்த கரையான் புற்றில் காளான் பூத்திருந்தது. வெள்ளிக்கிழமை இடித்த இடிக்கு வந்தது என்றாள் அம்மா. மொத்தம் ஐந்து. நீண்ட காம்பு, நடுவில் கூம்பிய சாம்பல் நிறக் குடை. காளான் விஷயத்தில் அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது ஒன்றுதான்: புற்றில் வந்ததைப் பறிக்கலாம், வேறு எங்கே வந்தாலும் அது நாய்க்குடை, தொடக்கூடாது. அவளுக்கும் அது ஒன்றுதான் தெரியும். அவளுடைய ஊரில் எல்லோருக்கும் அது ஒன்றுதான் தெரியும், அதை வைத்தே அவர்கள் காலகாலமாகச் சாப்பிட்டு வந்தார்கள். புற்றில் யாராவது ஒரு காளானைக் கொண்டுவந்து நடுவார்கள் என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றியிருக்காது.

பறிப்பதற்கு முன் படம் எடுத்துக்கொள்கிறோம் என்று மாமா அம்மாவிடம் தவணை வாங்கினார். கோணிப்பையை ஈர மண்ணில் விரித்து என்னைக் குப்புறப் படுக்க வைத்தார்.

"நின்னுகினு எடுத்தா கல்யாண போட்டோதான் வரும். மோவாயி மண்ணுல படணும். எறும்பு எப்டிப் பாக்கும்? அப்டி பாரு."

பார்த்தேன். ஐந்து காளான்களும் வானத்தில் முட்டிக்கொண்டு நின்றன. குடைகளின் அடிப்பக்கத்து மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பயமாகக்கூட இருந்தது, அவ்வளவு பெரியவை. மாமா ஃபோக்கஸ் திருப்பக் கற்றுக்கொடுத்தார். பிறகு தானும் ஒரு முறை படுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே பக்கமா குந்திகினு கீது. அந்தாண்ட காலியா கீது பாரு, பந்தியில ஒரு எலைய வுட்டுட்ட மாதிரி" என்றார். அதற்குள் பக்கத்து நிலத்துக்காரர் மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட, கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் காலி இலையை நான் நிரப்பினேன். பம்பு செட் அருகே புல்லில் ஒரு பெரிய காளான் நின்றிருந்தது. விரித்த கைக்குட்டை அகலம். வெள்ளைக் குடை, மேலே பழுப்புச் செதில்கள், காம்பில் மோதிரம் போட்டது போல ஒரு வளையம். பிடுங்கித் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுவதும் இளம் பச்சை, குளத்துப் பாசி நீரோடு கலந்த நிறம். அழகாக இருந்தது. ஆனால் நாங்கள் எடுப்பது கறுப்பு வெள்ளையில்தானே, நிறம் வரப்போவதில்லை என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. புற்றின் வலது ஓரத்தில் குச்சியால் துளை போட்டு, அதை நட்டு, ஈர மண்ணைக் கிள்ளி வைத்து அழுத்தினேன். மோவாயை மண்ணில் வைத்துப் பார்த்தபோது ஆறும் ஒரே குடும்பமாக இருந்தன. ஃபிலிம் சுருளில் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என மூன்று படம் எடுத்தேன்.

மாமா திரும்பி வந்து பார்த்தார். அவர் எண்ணவில்லை. "ஆங், இப்பதான் செட்டு ஆயிருக்குது" என்றார். பாராட்டு கிடைத்த பிறகு ரகசியத்தைச் சொல்ல எனக்கு மனமில்லை. என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார். அங்கே புளியமர வேர்களையும் ஒரு செத்த நண்டையும் எடுத்தோம்.

பன்னிரண்டே முக்காலுக்குத் திரும்பினோம். நேரம் சரியாகத் தெரியும். பிறந்தநாளுக்கு அப்பா வாங்கித் தந்த கைக்கடிகாரத்தை நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கும் வயது. வரப்பு வழியாக வந்தபோது புற்று மொட்டையாக இருந்தது. ஐந்து சிறு துளைகள், ஒரு பெரிய துளை.

ஓடினேன். அடுப்படி முழுக்கக் குழம்பு வாசனை. பிள்ளைத்தாய்ச்சி காத்திருக்கக்கூடாது என்பதால் அத்தைக்கு மட்டும் முதலில் போட்டிருந்தார்கள். அவள் சாப்பிட்டு முடித்து, சுவரில் சாய்ந்து, விரல்களை நக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு முறை வாங்கிப் போட்டுக்கொண்டதாக அம்மா பெருமையாகச் சொன்னாள்.

"எத்தனை காளான்ம்மா இருந்தது?" என்று கேட்டேன்.

"ஆறு. ஒண்ணு நல்லா பெருசு. இன்னாத்துக்குக் கேக்குற?"

"எல்லாத்தையும் போட்டுட்டியா?"

"புத்துல வந்தத பின்ன இன்னா பண்ணுவாங்க, பொட்டு வெச்சிக் கும்புடுவாங்களா? மஞ்சத்துண்டு போட்டுக்கூடப் பாத்தேன், கறுக்கல. கை கழுவிகினு வா."

கொதிக்கும் குழம்பில் மஞ்சள் துண்டு கறுத்தால் விஷம், கறுக்காவிட்டால் நல்லது என்பது அங்கே நம்பிக்கை. அதில் உண்மை எதுவும் இல்லை என்பதைப் பிற்பாடு எத்தனையோ புத்தகங்களில் படித்துவிட்டேன். அன்று அந்த மஞ்சள் துண்டைத்தான் நானும் பிடித்துக்கொண்டேன். ஆனால் மாமா மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மா அவருக்குத் தட்டு வைத்தாள், தனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கரண்டியைக் கையில் எடுத்தாள். நான் எழுந்து, தண்ணீர் எடுக்கப் போவதுபோல் நடந்து, சட்டியைக் காலால் தள்ளிவிட்டேன்.

சட்டி உடைந்து குழம்பு முழுவதும் தரையில் ஓடியது. அம்மாவின் கை என் முதுகில் இறங்கிய சத்தம் எனக்கே கேட்டது.

"கண்ண எங்க வெச்சிகினு நடக்குற? காலைலருந்து உங்க மாமன் மோப்பம் புடிச்சிகினு கெடந்தான், இப்ப தரையில நக்கட்டும்."

"வுடுக்கா, மோர ஊத்து. கொயந்த தானே" என்றார் மாமா.

அத்தை சிரித்தாள். "நல்லவேள, நான் மொதல்ல துன்னுட்டேன்."

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நான் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்பதற்கு இத்தனை வருடங்களில் பல காரணங்கள் கண்டுபிடித்திருக்கிறேன். எதுவும் முழுசாகப் பொருந்தவில்லை. சொல்லாதவரை அது நடக்காது என்று நினைத்தேன் என்பதுதான் ஓரளவு கிட்டே வருகிறது. அம்மா தரையைக் கழுவி எல்லாவற்றையும் வாய்க்காலில் தள்ளினாள். அத்தை பாயில் ஒருக்களித்துப் படுத்தாள். நான் தூணோரம் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் வயிறு ஏறி இறங்குவதை எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினெட்டு, பிறகு பதினேழு. பதினேழு என்றதும் உயிர் குறைகிறது என்று நினைத்தேன். மறுபடி பதினெட்டு வந்தது. மூன்று மணி வரை ஒன்றும் ஆகாவிட்டால் எதுவும் ஆகாது என்று எனக்கு நானே ஒரு கெடு வைத்தேன். இரண்டரை ஆனது. நான்கு நிமிடம் போனது. அத்தை கண் விழித்து, பாயில் கையூன்றி எழுந்து, பின்பக்கம் வேகமாக நடந்தாள். அவ்வளவு வேகமாக அவள் நடந்து அந்த வாரத்தில் நான் பார்த்ததில்லை.

முதல் வாந்திக்கு அம்மா சோம்புத் தண்ணீர் கொடுத்தாள். இரண்டாவதற்கு, "ஏழு மாசத்துல இன்னாத்துக்கு வாந்தி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மூன்றாவதற்கு அத்தையால் எழ முடியவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாய் நிறைய எச்சில் ஒழுக, "அண்ணி, புரட்டிப் புரட்டி வலிக்குது" என்றாள்.

மாமா ஆட்டோ கூப்பிட ஓடினார். நான் பின்னால் ஓடி வாசற்படலில் அவர் சட்டையைப் பிடித்தேன்.

"மாமா, ஒரு காளான் புத்துல வந்தது இல்ல. நான் நட்டது."

அவருக்கு முதலில் புரியவில்லை. படம் நன்றாக வர நட்டேன் என்றேன். அவர் முகம் மாறியதைப் பார்த்து அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எங்கருந்து எடுத்தே?"

"பம்பு செட்டாண்ட. புல்லுல."

"இன்னும் கீதா அங்க?"

"ஒண்ணுதான் இருந்துச்சு."

அவர் என் கையைச் சட்டையிலிருந்து விடுவித்தார். பிறகு, "ஒங்க அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத" என்றார். உள்ளே போய்க் கேமராவை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். மனைவி துடிக்கும்போது இந்த மனிதர் கேமராவைத் தேடுகிறாரே என்று அம்மா திட்டியது எனக்குக் கேட்டது.

மதுராந்தகம் ஆஸ்பத்திரியில் இருந்தது இளம் பெண் டாக்டர். ஊசி போட்டு, சலைன் ஏற்றி, என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். அம்மா, புற்றுக் காளான் என்றாள். மாமா முன்னால் வந்து, அதில் ஒன்று புல்லில் வந்தது, படத்துக்காகத் தான்தான் நட்டுவைத்ததாகச் சொன்னார். அம்மா அவரைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வார்த்தை இல்லை. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எந்தக் காளான்னு தெரிஞ்சாத்தான் அடுத்தது என்னன்னு சொல்ல முடியும். மிச்சம் ஏதாவது இருக்கா?" என்றார் டாக்டர்.

"மிச்சம் இல்ல டாக்டர். போட்டோ கீது. ஒரு முக்கா அவர் குடுங்க" என்று சொல்லிவிட்டு மாமா ஸ்டுடியோவுக்கு ஓடினார்.

அந்த முக்கால் மணி நேரத்தில் அத்தை இன்னும் நான்கு முறை வாந்தி எடுத்தாள். நர்ஸ் ஒரு சிறு குழலை வயிற்றில் வைத்துக் காது கொடுத்துக் கேட்டாள். டாக்டரும் கேட்டார். "குழந்தை நல்லா இருக்கும்மா, பயப்படாதீங்க" என்றார். அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அம்மா வெளியே வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று, "இந்த வாட்டியாவது வுட்டுடு சாமி" என்று முணுமுணுத்தாள். இந்த வாட்டியாவது என்றால் என்ன என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு வேறு கணக்கு இருந்தது. போலீஸ் அணுபுரத்துக்கு வருமா, அப்பாவின் வேலை போகுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாமா நனைந்த நெகட்டிவைத் துணிமாட்டும் கிளிப்பில் தொங்கவிட்டபடி வந்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் வார்டு வாசலில் டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்.

"என்னங்க, எல்லாம் கறுப்பா இருக்கு?"

"நெகட்டிவுல வெள்ளை கறுப்பா தெரியும் டாக்டர். இதோ, இந்தக் கடைசியில கீதே, அதுதான்."

டாக்டர் கண்ணைச் சுருக்கினார். "தரையிலேருந்து எடுத்ததால அடிப்பக்கம் தெரியுது. நல்லது. தண்டுல வளையம் இருக்கு, அது நல்லதில்ல. இந்த மடிப்பெல்லாம் என்ன கலர்?"

மாமா நெகட்டிவைப் பார்த்தார். "கறுப்பு வெள்ளை ஃபிலிம் டாக்டர்."

"ஃபிலிம் சரி. நீங்கதானே நட்டீங்க? கையில எடுத்தப்ப என்ன கலர்ல இருந்தது?"

மாமா மறுபடி நெகட்டிவைப் பார்த்தார். வெள்ளை என்று சொல்லிவிடப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. காளான் என்ன நிறம் என்று யாரைக் கேட்டாலும் வெள்ளை என்றுதான் சொல்வார்கள். எனக்கு மட்டும் அது பச்சை என்று தெரியும். பச்சை என்றால் விஷம், அதைச் சொன்னால் அத்தை செத்துவிடுவாள் என்று அந்த வயதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. கம்பியை விட்டுவிட்டு வாசலுக்குப் போனேன்.

"பச்சை" என்றேன். "நான்தான் நட்டேன். மாமா இல்ல. அடியில இளம் பச்சை, பாசி மாதிரி."

அம்மாவின் கை என் தோளில் விழுந்தது. அடிக்கவில்லை, அப்படியே கிடந்தது. டாக்டர் குனிந்து என் உயரத்துக்கு வந்தார். "நிச்சயமா தெரியுமா? வெள்ளை இல்லையே?"

"பச்சை."

அவர் போனை எடுத்து யாரிடமோ ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினார். ‘கிரீன்’ என்பது மட்டும் இரண்டு முறை காதில் விழுந்தது. பேசி முடித்ததும் அவர் உடம்பு தளர்ந்ததைப் பார்த்தேன். கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன். உண்மையில் அது நிம்மதி. வளையமும் வெள்ளை மடிப்புமாக இருந்திருந்தால் ஈரலைத் தின்னும் வகையாக இருக்கலாம், அந்த நிமிடமே ஆம்புலன்ஸில் சென்னைக்கு அனுப்பியிருப்பேன் என்று அவர் மாமாவிடம் சொன்னார். பச்சை மடிப்புக் காளான் வயிற்றைக் கலக்கி எடுக்குமே தவிரப் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும், இரண்டு நாள் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார். இது அத்தனையும் என் முன்னால்தான் பேசப்பட்டது. நான் ஒரு வார்த்தை நம்பவில்லை. பெரியவர்கள் குழந்தைகள் எதிரில் இப்படித்தான் பேசுவார்கள் என்று முடிவு செய்திருந்தேன்.

ஆறு மணி இருக்கும். அம்மா வெந்நீர் வாங்கப் போனாள். மாமா மருந்துச் சீட்டோடு கீழே போனார். வாந்தி நின்றிருந்தது. அத்தை கண்ணைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்துக் கிட்டே போனேன். அவள் என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல், இடது பக்கமாக வைத்து அழுத்தினாள்.

"பாப்பா, உதைக்குதா பாரு."

புடவை ஈரமாக இருந்தது. அதற்குக் கீழே சூடு. வேறு எதுவும் தெரியவில்லை. முதல் நாள்கூட அவள் இப்படி என் கையை வைத்துக் காட்டியிருந்தாள். அப்போது உள்ளிருந்து ஒரு முட்டு முட்டியது. இப்போது அது இல்லை.

"தெரியுதா?"

"தெரியுது அத்தை."

"நல்லா தெரியுதா?"

"நல்லா தெரியுது. உதைக்குது."

அவள் மூச்சை நீளமாக விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். என் மேல் கோபமில்லை என்று காட்டத்தான் அவள் அப்படிச் செய்தாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். காட்டுகிறவரிடம், தெரியவில்லை என்று சொல்வது மரியாதை இல்லையே என்றுதான் தெரியுது என்றேன். அன்று நான் செய்தவற்றில் அது ஒன்றுதான் தப்பில்லாத காரியம் என்ற திருப்தியோடு ஜன்னலுக்குப் போய்ப் பஸ்களை வேடிக்கை பார்த்தேன்.

மறுநாள் காலையில் குழந்தை தானாகவே உதைத்தது. தை மாதம் பெண் பிறந்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள், காளானைத் தொடமாட்டாள்.

நான் வேலைக்குப் போன பிறகு ஒரு நாள், வேறு யாருடைய பிரசவத்தையோ பற்றிப் பேசும்போது அம்மா சொன்னாள். அந்தக் குழந்தைக்கு முன்னால் அத்தைக்கு இரண்டு போயிருந்தன, ஒன்று ஆறாம் மாதம், ஒன்று எட்டாம் மாதம். இரண்டாவது தடவையும் குழந்தை நல்லா இருக்கு என்றுதான் டாக்டர் சொன்னாராம், அதைச் சொன்ன அன்று சாயங்காலமே அசைவு நின்றுவிட்டதாம். அதனால் டாக்டரையோ, அம்மாவையோ, மாமாவையோ கேட்க அவளுக்கு நம்பிக்கை இல்லை. எல்லோரும் அவள் பயப்படக்கூடாது என்பதற்காக நல்லபடியாகத்தான் சொல்வார்கள். ஆனால் வார்டு வாசலில் நான் மறைக்காமல் பச்சை என்று சொன்னதை அவள் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்; அதனால்தான் என் கையை எடுத்து வைத்து என்னைக் கேட்டாள்.